ஆச்சு மாமா பிரேக் மாற்றினார்

ஜூன் 4, புதன்

இன்று இறக்கத்தில் கார் மறுபடி நடுங்கியது. அம்மா பிரேக்கை மிதித்ததும் ஸ்டீயரிங் அவள் கைக்குள் குளிர்ஜுரம் கண்டதுபோல ஆடியது. கூடவே அந்தக் கிறீச். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பின்னால், விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில், மூட்டையோடு மூட்டையாகக் குனிந்துகொண்டேன்.

எங்கள் பிழைப்பு அந்த இறக்கத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை எடுத்து வருவோம். வெளுத்து, கிழிந்ததைத் தைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுப்போம். அம்மா ஓட்டுவாள், நான் தூக்குவேன். பேசுவது முழுக்க அவள் பொறுப்பு. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

வீட்டுக்கு வந்ததும் பிரேக் போய்விட்டது என்று அம்மா சொன்னாள். உடனே உள்ளேயிருந்து, படுத்தபடியே, ஒரு குரல்: "டிஸ்க் தேஞ்சிருக்கும்க்கா. பட்டறைக்கெல்லாம் எதுக்குப் போகணும்? நானே வீட்ல வச்சு மாத்திடறேன். அரை நாள் வேலை."

அம்மாவின் தம்பி. வேலையை விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொல்கிறார். வேலைதான் அவரை விட்டது என்பது என் கட்சி. கொஞ்ச நாள் தங்க வந்தவர் போன மழைக்காலத்திலிருந்து என் அறையில் படுத்திருக்கிறார். நான் இஸ்திரி அறையில், ஆவிக்கும் அழுக்கு மூட்டைக்கும் நடுவே பாய் போட்டுக்கொள்கிறேன்.

அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஆச்சு மாமா. வெளியே சொன்னதில்லை. எந்த வேலையையும் முக்கால்வாசியில் நிறுத்தி, கையைத் தட்டி, "ஆச்சு" என்பார். குழாய் ஆச்சு. இன்னும் சொட்டுகிறது, அதன் கழுத்தில் துணி கட்டி வைத்திருக்கிறோம். குளியலறைத் தாழ்ப்பாள் ஆச்சு. அதைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார். உள்ளே யாருமே இல்லாதபோது தானாக விழுந்து பூட்டிக்கொள்கிறது, நாங்கள் ஜன்னல் வழியாகக் குச்சி விட்டுத் திறக்கிறோம். என் அறை ஜன்னலும் ஆச்சு. மூடாது, இடுக்கில் அட்டை செருகியிருக்கிறார். ஒவ்வொரு ஆச்சுக்குப் பிறகும் ஒன்றிரண்டு திருகாணி மிஞ்சும். அதையெல்லாம் பொறுக்கி ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஆட்டினால் கலகலக்கிறது.

அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் கமுக்கம். அவர் அதை வெளியே சொல்வார். வீட்டுக்கு ஆள் வந்தால் இன்னும் சத்தமாக.

அம்மா இன்று வழக்கம்போல விட்டுக்கொடுக்கவில்லை. "இதையாவது முழுசா முடிடா. முடிச்சா இருந்துக்கோ, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இதுவும் கோணலாச்சுன்னா பெட்டியைக் கட்டு" என்றாள்.

மாமா சிரித்தார். நான் டப்பாவை எடுத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். என் அறை எனக்குத் திரும்பி வரப்போகிறது.

ஜூன் 5, வியாழன்

அரை நாள் வேலைக்காரர் இன்னும் தூங்குகிறார். என் அறையில்.

ஜூன் 7, சனி

டிஸ்க் வந்துவிட்டது. இரண்டு இரும்புத் தட்டு, நடுவில் தொப்பி மாதிரி உப்பல். முன் சக்கரத்துக்கு ஆளுக்கொன்று. பெட்டியிலிருந்து அவர் எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டுமே, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல!

அதோடு விட்டாரா. வாசற்படியில் உட்கார்ந்து, ஸ்பிரிட் ஊற்றி, என் நல்ல துணி ஒன்றை எடுத்து அந்தப் புதுத் தட்டுகளைத் தேய்தேய் என்று தேய்த்தார். புதுசைப் போய் யாராவது கழுவுவார்களா? காரைக் கழுவச் சொன்னால் இடுப்பு வலி என்பவர், கடையிலிருந்து பளபளவென்று வந்ததைக் குளிப்பாட்டுகிறார். நான் விரிப்பு உதறிக் காயப்போடும் சாக்கில் நின்று பார்த்தேன்.

அவர் நிமிர்ந்தார். "ஏய் கமுக்கம். இதை ஏன் தொடைக்கிறேன் தெரியுமா? ஏன்னு கேளு."

நான் கேட்கவில்லை. கேட்டால் பிரசங்கம். சட்டைப் பட்டன் போடுவதைக்கூட அவரால் பிரசங்கமாக்க முடியும். கொடியில் கடைசி விரிப்பைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பின்னால், "கேட்டா முத்து உதிர்ந்துடும்" என்று சொல்லிக்கொண்டார். பிறகு கைதட்டல். "ஆச்சு."

எது ஆச்சு? சக்கரத்தையே இன்னும் கழற்றவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

காரை ஜாக்கியில் ஏற்றி, முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார். அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு பழைய தட்டு வரமாட்டேன் என்றது. துருப்பிடித்து அச்சோடு ஒட்டிப்போயிருக்கிறது. சுத்தியலால் அடித்தார். காலால் உதைத்தார். பேசிப் பார்த்தார். கடைசியில் அதற்கு இவர்மேல் ஏதோ பழைய பகை என்பதுபோல முறைத்துவிட்டு, "நாளைக்கு" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

கார் இப்போது முன்னங்கால் இரண்டும் இல்லாத மாடு மாதிரி வாசலில் நிற்கிறது. விரிப்பு போயாக வேண்டுமே. அம்மா பால்காரரிடம் தள்ளுவண்டி கேட்டு வாங்கினாள். மூட்டைகளை ஏற்றி, இறக்கத்தில் வண்டி ஓடிவிடாமல் அம்மா பின்னாலிருந்து இழுக்க, நான் முன்னால் நின்று நெஞ்சால் தாங்கிக்கொண்டே போனேன். பழைய பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். ஒருத்தி, "நீதானா?" என்றாள். நான் இல்லை என்பதுபோல மூட்டைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

எல்லாம் நம் ஆச்சு துரையின் புண்ணியம்.

ஜூன் 9, திங்கள்

தூறல். துரை வெளியே போய்விட்டார். ஏதோ நீள போல்ட் வேண்டுமாம். புதுத் தட்டுகள் இரண்டும் வாசற்படியிலேயே கிடக்கின்றன, மூடக்கூட இல்லை. போய்ப் பார்த்தால் விளிம்பில் செம்பட்டையாகத் துரு ஏறத் தொடங்கியிருக்கிறது. குளிப்பாட்டத் தெரிந்தவருக்குத் துவட்டி உள்ளே வைக்கத் தெரியவில்லை.

நான்தான் உள்ளே எடுத்து வந்தேன். நல்ல கனம். துருவைத் துடைத்து, கத்தரிக்கோலுக்கு அம்மா செய்வதுபோலத் தையல் மெஷின் எண்ணெயை இரண்டு பக்கமும் ஓரம் விடாமல் மெல்லிசாகத் தடவி, பழைய தலையணை உறையில் போட்டு வைத்தேன். இரும்பைச் சும்மா விடக்கூடாது என்பது இந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "அட, கமுக்கத்துக்கு இதெல்லாம் தெரியுமா" என்பார். தேவையா?

ஜூன் 10, செவ்வாய்

நீள போல்ட் கிடைத்துவிட்டதாம். நாளைக்காம். அம்மா தள்ளுவண்டியின் கைப்பிடியை அவர் கண்ணில் படும்படி துடைத்து வைத்தாள்.

ஜூன் 11, புதன்

மாற்றிவிட்டார். எழுதவே எனக்கு வயிறு எரிகிறது, ஆனால் மாற்றிவிட்டார்.

பழைய தட்டில் திருகு மரை போட்ட இரண்டு துளை இருக்கிறது. நீள போல்ட்டை அதில் விட்டு முறுக்க முறுக்க, தட்டு தானாகவே அச்சிலிருந்து விலகிக் கையில் வந்து விழுந்தது. அடியும் இல்லை, உதையும் இல்லை. அதன் விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தேன். உள்பக்கம் அவ்வளவு தேய்ந்து, ஓரத்தில் வரம்பு கட்டி நின்றது.

என்னைத்தான் எடுபிடிக்கு வைத்துக்கொண்டார். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வேண்டுமென்றால், "உன் வயசைக் கொடு" என்பார். ஒரு தடவை என்றால் சரி. ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லி, ஒவ்வொரு தடவையும் அவரே சிரித்தார். பிரேக் பிடிக்கிற அந்தக் கனமான கவ்வியைக் கழற்றி, அது ரப்பர் குழாயில் தொங்கக்கூடாது என்று கட்டிவைத்தார். எதால்? ஆஸ்பத்திரி விரிப்பைக் கிழித்து. முத்திரை தெரியும்படி.

புதுத் தட்டு எங்கே என்று தேடினார். தலையணை உறையோடு கொண்டுபோய் வைத்தேன். "யாரு மூடி வச்சது? நீயா? பரவால்லையே" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் பாராட்டு யாருக்கு வேண்டும்?

கையெல்லாம் கிரீஸோடு அப்படியே எடுத்து மாட்டினார். புது பிரேக் பேட், கவ்வி, போல்ட், சக்கரம். கடைசியாக உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிமிதி என்று மிதித்தார், தையல் மெஷின் ஓட்டுவதுபோல. அது இறுகும்வரை அப்படித்தான் மிதிக்க வேண்டுமாம். தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார்.

"கொஞ்சம் வழுக்குது. புதுசு இல்ல, ஒண்ணோட ஒண்ணு பழகணும். நாலு தடவை மிதிச்சா சரியாயிடும்." கைதட்டல். "ஆச்சுக்கா."

அவர் எழுந்து போனதும் நான் தரையெல்லாம் தேடினேன். காருக்கு அடியில், செய்தித்தாளுக்கு அடியில். ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. டப்பாவுக்கு இன்று வரவு கிடையாது. அம்மா அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, இரண்டாவது முறையும் அள்ளி வைத்தாள்.

அப்போ என் அறை? அவ்வளவுதானா?

ஜூன் 12, வியாழன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

காலையில் கிளம்பினோம். மூட்டை நிறைய, மூன்று நாள் துணி. மட்டமான தெருவில் அம்மா மெதுவாகத்தான் ஓட்டினாள். "வழுக்கத்தான் செய்யுது. பழகணும்னானே" என்றாள். நான் எப்போதும்போல மூட்டைகளுக்கு நடுவில்.

இறக்கம். அம்மா மிதித்தாள். கார் கேட்கவில்லை. கிறீச் இல்லை, நடுக்கம் இல்லை, ஒன்றுமே இல்லை. வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. அம்மா சீட்டை விட்டே எழுந்து நின்று மிதித்தாள். கேட் வருகிறது, பெஞ்சில் ஆட்கள், ஒரு கைக்குழந்தைக்காரி... அம்மா கைப்பிரேக்கை இழுத்து ஸ்டீயரிங்கைச் சுவர் பக்கம் ஒடித்தாள். இடித்தது. மூட்டையெல்லாம் என்மேல்.

எனக்குக் கீறல்கூட இல்லை. விரிப்புகள் காப்பாற்றிவிட்டன. யாருக்கும் ஒன்றும் இல்லை. முன் விளக்கு ஒன்று நொறுங்கிவிட்டது. அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவள் முதலில் கேட்டது, "துணி அழுக்காச்சா?" அப்புறம்தான் என்னைக் கேட்டாள். கேட்டதும் அழுதாள்.

சக்கரத்திலிருந்து புகை வந்தது. ஏதோ தெரிந்த வாசனை. எங்கே முகர்ந்தேன் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

ஆச்சாம். ஆச்சு! ஆளையே ஆச்சு பண்ணப் பார்த்தார்.

ஜூன் 13, வெள்ளி

அம்மா கையில் கட்டு. இஸ்திரி முழுவதும் நான்தான். இன்று மாமாவின் வாய் திறக்கவில்லை. அதிசயம். திறந்தபோதும் ஒரே வசனம்: "நான் எல்லாம் சரியாத்தான் மாட்டினேன்க்கா."

அம்மா அவரைப் பார்க்காமலே, "ஆச்சுன்னு சொன்னியேடா" என்றாள்.

அவ்வளவுதான். இரண்டு வார்த்தையில் ஆளைக் காலி செய்துவிட்டாள். நான் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தேன். எனக்கு அப்போதே தெரியும். அவர் கை பட்ட எது நின்றிருக்கிறது? கேவலம், ஒரு தாழ்ப்பாள் மாட்டத் தெரியாதவரிடம் பிரேக்கைக் கொடுத்தது அம்மாவின் தப்பு. நாளைக்குப் பட்டறையிலிருந்து மெக்கானிக் வந்து பார்ப்பாராம். பார்க்கட்டும். எல்லார் முன்னாலும் கிழியட்டும்.

ஜூன் 14, சனி

மெக்கானிக் வந்தார். காரை ஏற்கெனவே வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சக்கரத்தைக் கழற்றி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். போல்ட் எல்லாம் சரியான இறுக்கம் என்றார். நன்றாகத்தான் மாட்டியிருக்கிறது என்றார். மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு மெக்கானிக் தட்டின் நடு உப்பலில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். விரல் பளபளத்தது. சிரித்துவிட்டார்.

"யாருங்க எண்ணெயோட மாட்டினது? புது டிஸ்க்ல துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் பூசித்தான் அனுப்புவாங்க. அதைத் தொடைச்சுட்டு மாட்டணும். எண்ணெய் இருந்தா பேடு எங்க பிடிக்கும்? வழுக்கத்தான் செய்யும்."

நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் தையல் மெஷின். அதன்மேல் எண்ணெய்க் குப்பி, கொக்கு மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு.

அந்த வாசனை.

மாமா, "தொடைச்சேங்க. ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சேன்" என்றார். தொடைத்திருந்தால் இப்படி இருக்குமா என்று மெக்கானிக் விரலைக் காட்டினார். அம்மா, "பொய்யாவது ஒழுங்கா சொல்லுடா" என்றாள். மாமா மறுபடி தட்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "தொடைச்சேன்னுதான் நினைக்கிறேன்க்கா."

நினைக்கிறாராம். நான் பார்க்கப் பார்க்க, அவர் செய்த ஒரே ஒழுங்கான வேலை அவர் தலைக்குள்ளேயே அழிந்துபோனது.

அந்த முகம் எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். யார் எழுதிக் கொடுத்தது என்று டீச்சர் என்னை நிறுத்திவைத்துக் கேட்டாள். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாள். வகுப்பே சிரித்தது. கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் எழுதினேனா என்று. அடுத்த வருஷம் எப்படியோ ஓட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன்.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். எண்ணெய் நான் போட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, துருப்பிடித்த அந்தப் பழைய தட்டு மாதிரி.

சாயங்காலம் மாமா பெட்டியைக் கட்டினார். சலூன் வைத்திருக்கும் சிநேகிதர் வீட்டுக்குப் போகிறாராம். போகும்போது என்னைப் பார்த்து, "கமுக்கம், அறை உனக்கு. ஜன்னல்ல அட்டையை எடுத்துடாதே, விழுந்துடும்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

அறை கிடைத்துவிட்டது. ஜன்னல் மூடவில்லை. அட்டை இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

வாயால் முடியாததைக் கையால் செய்யப் பார்த்தேன். அம்மா சாப்பிட உட்கார்ந்ததும் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுபோய் அவள் தட்டுக்கு முன்னால் வைத்தேன். நேர் எதிரே. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்வது?

அம்மா குப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்ன, மெஷின் சத்தம் போடுதா? போடேன், அதை ஏன் சாப்பாட்டுக்கு நடுவுல கொண்டுவந்து வைக்கிற?"

குப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மெஷினுக்கு எண்ணெய் போட்டேன்.

மாமாவை என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் இந்தப் பக்கங்களில். முக்கால்வாசியில் நிறுத்துகிறவராம். நான் கால்வாசிகூடத் தொடங்குவதில்லை. பெரிய இவள்.

ஜூன் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அம்மா ஒற்றைக் கையால் விரிப்பு மடிக்க முடியாமல் நாடியால் ஒரு ஓரத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். மறு ஓரத்தைப் பிடிக்கப் போனேன். இருவருக்கும் நடுவில் விரிப்பு, அவள் முகம் தெரியவில்லை. அப்போது வந்துவிட்டது.

"மாமா தொடைச்சாரும்மா. அப்புறம் நான் எண்ணெய் தடவினேன். துருப்பிடிக்குதேன்னு."

விரிப்பு கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு இறங்கியது. அம்மா திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை, அதுதான் கொடுமை. மெதுவாகக் கேட்டாள்: "மெக்கானிக் சொன்னப்பவே தெரியுமா?"

தலையாட்டினேன்.

"அறைக்காகவா?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரலைன்னு சொல்ல நினைத்தேன். இரண்டும் பாதிதான் உண்மை. அதனால் எதையும் சொல்லவில்லை. அம்மா விரிப்பை முழுசாக மடித்து அடுக்கில் வைத்தாள்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? பொய் சொல்றான்னு நான் சொன்னது அவனை. போய் அவன்கிட்ட சொல்லு. நான் கூட வரமாட்டேன்."

சலூனுக்கு. நான். தனியாக. ஆண்கள் உட்கார்ந்திருக்கும் சலூனுக்கு.

ஜூன் 18, புதன்

போனேன். தெருவை இரண்டு முறை கடந்து போய்விட்டுத் திரும்பி வந்துதான் உள்ளே நுழைந்தேன்.

நாலு பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கிறேன். நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரை. பெஞ்சில் இரண்டு பேர். மாமா பின் மூலையில் துடைப்பத்தோடு முடி கூட்டிக்கொண்டிருந்தார். எப்படிக் கூட்டினார் என்று எழுதவேண்டுமா? முக்கால்வாசி.

"மாமா" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன், இந்த முறை கடைக்கே கேட்கும்படி வந்துவிட்டது. சலூன்காரரின் கத்தி நுரைமேல் நின்றது.

"டிஸ்க்குக்கு எண்ணெய் போட்டது நான். நீங்க தொடைச்சதுக்கு அப்புறம். தையல் மெஷின் எண்ணெய்."

நுரைக்காரர், "என்ன டிஸ்க்?" என்றார்.

மாமா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். கத்துவார், கேலி செய்வார், எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கேட்டது வேறு. "நான் தொடைச்சேன்தானே?"

"தொடைச்சீங்க."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன். வாசப்படியில உட்கார்ந்து. ரெண்டையும். என் நல்ல துணியில."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த நல்ல துணியைப் பற்றிக் கேட்டபிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை விரல் வச்சுப் பார்த்திருக்கணும் நானும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து முறைத்தார். "ஏன் தொடைக்கிறேன்னு கேளுன்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டியா நீ?"

கண்ணாடியில் எல்லா நானும் என்னையே பார்த்தார்கள்.

"ஏன் தொடைச்சீங்க?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கவே கூடாது. சலூன்காரரின் வட்டமான கைக்கண்ணாடியைப் பிடுங்கி, அதுதான் டிஸ்க் என்றார். தன் இரண்டு விரல்தான் பிரேக் பேட் என்றார். கண்ணாடியை என்னிடம் கொடுத்துச் சுற்றச் சொல்லி விரலால் கவ்வி நிறுத்தினார். பிறகு தலைக்குப் போடும் எண்ணெயை எடுத்து அதன்மேல் ஊற்றி மறுபடி கவ்வினார். கண்ணாடி வழுக்கி நுரைக்காரர் மடியில் விழுந்தது. சலூன்காரர் திட்டினார். மாமாவுக்கு அது காதிலேயே விழவில்லை. ஒரு வரியில் முடிகிற விஷயம், மனிதர் முழங்கித் தள்ளிவிட்டார். தாங்க முடியவில்லை.

கடைசிவரை நின்று கேட்டேன்.

ஜூன் 19, வியாழன்

மாமா திரும்பி வந்துவிட்டார். அம்மா அவரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இரண்டாவது முறையும் அள்ளி வைத்தாள். அவரும் சாப்பிட்டார், மூன்றாவது முறையும் கேட்டு வாங்கி.

என் பாயை நானே சுருட்டி இஸ்திரி அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எண்ணெய் குடித்த பேடு இனி உதவாதாம். புதிது வாங்கி வந்து இன்று மறுபடி எல்லாவற்றையும் பிரித்தோம். 'தோம்' என்று எழுதுகிறேன், ஆனால் அவர் மோடா போட்டு உட்கார்ந்துவிட்டார். "எண்ணெய் வச்ச கையே எடுக்கட்டும்" என்று உத்தரவு. வாயால் வேலை செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அவர் விரலை நீட்டினார். தேய்த்துப் பார்த்து, "இன்னும் இருக்கு" என்றார். மறுபடி துடைத்தேன். உட்புறம், ஓரம், உப்பல். "உன் வயசை எடு" என்றார் நடுவில். எடுத்தேன். சிரித்துத் தொலைத்தேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் கொஞ்சம் பயந்துபோய்ப் பார்த்தார்.

எல்லாம் மாட்டி, மிதித்து இறுக்கி, கீழே இறக்கியதும் கட்டுப்போட்ட கையோடு அம்மா படியில் வந்து நின்றாள். "ஆச்சா?"

மாமா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

தரையில் ஒரு திருகாணி கிடந்தது. சின்னது. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். "ஆகலை" என்றேன், சத்தமாகவே. காருக்கு அடியில் படுத்து, சக்கரத்தைச் சுற்றி, ஒவ்வொரு இடமாகத் தேடினோம். எதிலும் குறையவில்லை. கடைசியில் பார்த்தால் அது மாமாவின் மோடாவிலிருந்து விழுந்தது. அதையும் அவர்தான் எப்போதோ சரி செய்திருக்கிறார். கண்டுபிடித்துச் சொன்னதும் எழுந்து நின்றுகொண்டார்.

அதன்பிறகுதான் அம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன்.

ஜூன் 25, புதன்

அம்மாவின் கட்டைப் பிரித்தாகிவிட்டது. ஒற்றை விளக்கோடு காரை எடுத்தாள். நான் மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவில்லை, முன்னால் உட்கார்ந்தேன். இறக்கத்தில் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிதித்தாள். கேட்டுக்கு வெகு முன்னாலேயே கார் நின்றது. சத்தமில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் திரும்பக்கூட இல்லை.

துரை இன்னும் தூங்குகிறார். என் அறையில்.